நிக்கோவில் ஒரு நாள்: இலை சிவக்கும் சனிக்கிழமையில் நான் பட்ட பாடு

டோக்கியோவிலிருந்து நிக்கோ என்கிற மலையூருக்குக் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று பயண வீடியோ போடுகிற எல்லாரும் சொல்கிறார்கள். பொய்யில்லை. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போனால் தாராளமாகத் திரும்பலாம். அக்டோபர் கடைசியில், மலையெல்லாம் இலை சிவந்து நிற்கிற சனிக்கிழமையில், தனியாளாக, அதிலும் மீன் இறைச்சி சாப்பிடாதவளாகப் போனால் அந்த நாள் எப்படிப் போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அது பஸ்ஸிலும் பஸ் வரிசையிலுமாகக் கிட்டத்தட்ட 6 மணி நேரமாகப் போனது. வீணாய்ப் போன டிக்கெட், அதற்குப் பதிலாக எடுத்த டிக்கெட் என்று 7,000 யென் வரை தனியாகச் செலவு. நம் கணக்கில் 4,000 ரூபாய் பக்கம். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன், நடுநடுவே உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக வேலையாகச் சில வாரங்கள் டோக்கியோவில் இருந்தேன். வார விடுமுறையில் கூட வந்தவர்கள் டிஸ்னிலாந்து கிளம்பினார்கள். எனக்கு நிக்கோ போக இரண்டு காரணங்கள் இருந்தன. காந்தி பொம்மைக்குப் பக்கத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த மூன்று குரங்குகளின் புகழ்பெற்ற மரச்சிற்பம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று யூபா. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துச் செய்கிற உணவு. மலைக் கோயில்களில் இறைச்சி உண்ணாத துறவிகள் சாப்பிட்டு வளர்த்த பண்டம் என்பதால் நிக்கோவில் அது ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. கியோத்தோவிலும் யூபா உண்டு. அங்கே ஆடையை ஓரத்திலிருந்து ஒற்றையாக எடுப்பார்கள், நிக்கோவில் நடுவில் குச்சி விட்டு இரண்டாக மடியும்படி தூக்குவார்கள், அதனால் இங்கே தடிமனாக இருக்கும். டோக்கியோவில் தயிரும் வாழைப்பழமுமாக நாள் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு ஊரே நமக்காகச் சமைத்து வைத்திருக்கிறது என்ற நினைப்பு. கிளம்பும் முன் இரவு தூக்கமே வரவில்லை.

முதலில் ரயில். டோக்கியோவின் அசகுசாவிலிருந்து தோபு என்கிற தனியார் கம்பெனியின் ரயில் போகிறது. சிறப்பு விரைவு ரயிலில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், சாதாரணக் கட்டணத்துக்கு மேல் தனியாகக் காசு. நிக்கோ பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள், அதில் சாதாரண ரயிலும் அங்குள்ள பஸ்களும் அடங்கும், சிறப்பு விரைவு ரயிலின் கூடுதல் கட்டணம் அடங்காது. இலை பார்க்கிற காலத்தில் வார இறுதிக் காலை ரயில்கள் பல நாள் முன்பே நிரம்பிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் நான் பார்த்தபோது போவதற்கு ஒன்றும் இல்லை, திரும்புவதற்கு மட்டும் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் ஒரு இருக்கை கிடைத்தது. அதை எடுத்துவைத்தேன். போகும்போது சாதாரண ரயில்தான். மினாமி-குரிஹாஷியில் ஒருமுறை மாறி, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. சன்னலோர இடம் கிடைத்தால் அலுக்காது. வயல், வீடு, வீட்டு வாசலில் காய்த்துத் தொங்கும் பெர்சிமன் பழ மரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஷிமோ-இமாய்ச்சி என்ற நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது, சில ரயில்கள் அங்கே பெட்டிகளையே இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நிக்கோவுக்கும் மறு பாதியைக் கினுகவா வெந்நீர் ஊற்றுப் பக்கமும் அனுப்புகின்றன. ஏறும்போதே உங்கள் பெட்டியின் மேலே எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி பெட்டி படுக்கையோடு கடைசி நிமிஷத்தில் ஓடினதைப் பார்த்தேன்.

தோபு-நிக்கோ நிலையத்தில் இறங்கியபோது மணி பத்தே கால். வாசலிலேயே வரிசைகள். மலைமேல் இருக்கிற சூசென்ஜி ஏரிக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒரு நீள வரிசை, கோயில் பக்கம் போகும் பஸ்ஸுக்கு அதைவிடச் சின்ன வரிசை. வீடியோக்கள் எல்லாவற்றிலும் முதலில் கோயில், சாப்பாடு, பிறகு அருவியும் ஏரியும் என்றுதான் இருந்தது. நானும் சின்ன வரிசையில் நின்றேன். முதலில் கோயில் என்கிற இந்த முடிவுதான் அன்றைய நாளையே தீர்மானித்தது என்பது எனக்கு மூன்று மணிக்கு மேல்தான் புரிந்தது.

தோஷோகு கோயிலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுழைவு 1,600 யென். ஜப்பானை ஆண்ட ஷோகுன் தொக்குகவா இயேயாசு 1616இல் இறந்தார், மறு வருஷமே அவரை இங்கே கொண்டுவந்து தெய்வமாக வைத்தார்கள். இப்போது நாம் பார்க்கிற பொன்னும் வண்ணமுமான கட்டடங்களில் பெரும்பாலானவை பேரன் இயேமிட்சு 1636இல் எழுப்பியவை. டோக்கியோவில் வெறும் மரமும் சரளைக்கல்லுமான கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யோமேய்மோன் வாசல் அதிர்ச்சியாக இருக்கும். 500க்கு மேற்பட்ட சிற்பங்கள், யாளி போல, நாகம் போல, விளையாடும் குழந்தைகள், சீனத்து ஞானிகள். நம் ஊர்க் கோபுரத்தில் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இது சொந்த ஊர் மாதிரிதான். அதன் தூண்களில் ஒன்றை மட்டும் வேலைப்பாட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். முழுமையடைந்ததெல்லாம் அழியத் தொடங்கிவிடும் என்று நம்பி, முடிக்காமல் விட்டதாக ஒரு கணக்கு. மூன்று குரங்குகள் குதிரை லாயத்தின் மேல் இருக்கின்றன. குரங்கு குதிரையைக் காக்கும் என்பது பழைய நம்பிக்கை. மொத்தம் 8 பலகைகள், ஒரு வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொல்லிக்கொண்டு போகின்றன. நமக்குத் தெரிந்த பலகை குழந்தைப் பருவத்துக்கு உரியது: கெட்டதைப் பார்க்காதே, பேசாதே, கேட்காதே என்று குழந்தைக்குச் சொல்வது. மற்ற ஏழு பலகைகளுக்குக் கீழே ஒரு ஆளும் நிற்கவில்லை. நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். தூங்கும் பூனைச் சிற்பத்தைத் தாண்டி 207 கல் படிகள் ஏறினால் இயேயாசுவின் சமாதி. ஓங்கி நிற்கும் தேவதாரு மரங்களுக்கு நடுவே, வெண்கலத்தில், ஆடம்பரம் இல்லாமல். கூட்டம் இருந்தாலும் மேலே யாரும் சத்தம் போடவில்லை. இந்தப் பகுதிக்கு 2 மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மாலை 5 மணிக்கும், நவம்பரிலிருந்து மார்ச் வரை 4 மணிக்கும் மூடிவிடுவார்கள், அதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

இனி சாப்பாடு. கோயிலிலிருந்து இறங்கிவரும் கடைத்தெருவில் யூபா என்று எழுதிய பலகை இல்லாத கடை குறைவு. பன்னிரண்டரைக்கு ஒரு சின்ன சோபா கடை வரிசையில் நின்றேன். சோபா என்றால் பக்வீட் மாவு நூடுல்ஸ். யூபா சோபா: கோதுமை நிறத்தில் நூடுல்ஸ், மேலே சுருட்டிய யூபா, சூடான சாறு. படத்தில் பார்த்தால் நமக்கென்றே செய்ததுபோல இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போய் உட்கார்ந்ததும் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் வீட்டில் சமைக்காவிட்டாலும் தெருவில் நாலு வீட்டில் மாசிக் கருவாடு இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, கல் மாதிரி ஆகும்வரை காயவைத்தது. அந்த வாசனையை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். ஜப்பானில் அதே குடும்பத்து மீனை அதே மாதிரி வேகவைத்துப் புகை போட்டுக் கட்டையாகக் காயவைத்து, சீவிச் சீவிப் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர், அந்தச் சாற்றுக்குத் தாஷி. சோபாவின் குழம்பு, மிசோ சூப், கீரையின் மேல் ஊற்றும் தண்ணீர், முட்டைப் பொரியல், காய் வேகவைக்கும் சாறு என்று எல்லாவற்றுக்கும் அடி அதுதான்.

பரிமாறின அம்மாவிடம் போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். மீன் இல்லை என்று கையை ஆட்டினார். கட்சுவோ என்று கேட்டதும் முகம் மலர்ந்து, ஆமாம், நாங்களே தினமும் காலையில் சீவிச் சாறு எடுக்கிறோம் என்றார். பெருமையாகச் சொல்கிறார், நான் என்ன செய்ய. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. தட்டில் மீன் துண்டு கிடந்தால்தான் அவர்களுக்கு மீன், சாறு ஒரு கணக்கில் வராது. அங்கே உட்கார்ந்து, இத்தனை நாள் அலுவலகக் கேன்டீனில் நான் நம்பிச் சாப்பிட்ட மிசோ சூப்பையும் உடோன் நூடுல்ஸ் கிண்ணத்தையும் நினைத்துப் பார்த்தேன். வயிறு புரட்டியது. அதைவிட, வீட்டில் இதை யாரிடமும் சொல்ல முடியாதே என்கிற எண்ணம் இன்னும் மோசமாக இருந்தது. உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. கடைசியில் அந்த அம்மாவே வழி காட்டினார். பச்சை யூபா, அதாவது சமைக்காமல் அப்படியே சுருட்டி வைத்தது, வசாபி என்கிற காரத் துவையலோடு ஒரு தட்டு, வெறும் சோறு ஒரு கிண்ணம், மேசையில் இருந்த ஊற்றும் சாற்றுக்குப் பதில் உள்ளேயிருந்து சாதா சோயா சாஸ். மெத்தென்று, லேசான இனிப்போடு, பால் வாசனையும் பயறு வாசனையும் கலந்து அத்தனை ருசி. ஒரு தட்டில் நாலு துண்டுதான். இரண்டாவது தட்டு கேட்டேன், பச்சை யூபா தீர்ந்துவிட்டது என்றார்.

ஆகவே யூபா ஊருக்குப் போகிற சைவக்காரர்கள் மனதில் வைக்க வேண்டியது: பச்சை யூபாவும் காய்ந்த யூபாவும் வெறும் சோயாதான், பயமில்லை. சாற்றில் ஊறினது, சுருட்டிக் குழம்பில் வேகவைத்தது, இதற்கெல்லாம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காய்ந்த யூபாப் பொட்டலத்தை வீட்டுக்கு வாங்கிவரலாம், ஊறவைத்துக் கூட்டில் போட்டால் நன்றாக இருக்கிறது. சோபாவைக் குளிர்ந்த தட்டு நூடுல்ஸாக வாங்கி, உப்போ சாதா சோயா சாஸோ தொட்டுக்கொள்ளலாம். நான் வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. நிகு தொ சகானா வா தாபேமாசென், கட்சுவோ தாஷி மோ தாமே தேஸ் என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், கட்சுவோ சாறும் ஆகாது என்று பொருள். கூடவே, கொம்பு தாஷி என்றால் பரவாயில்லை என்றும் சேருங்கள். கொம்பு கடற்பாசி, அதில் எடுக்கிற சாற்றில் மீன் கிடையாது. துறவிகள் சமையலான ஷோஜின் உணவில் அதையும் ஷியிதாகே காளானையும்தான் சாற்றுக்கு வைப்பார்கள், ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும், நடந்துபோய்க் கேட்டால் கிடைக்காது. சின்னக் கடைகளில் ரொக்கம்தான், கார்டு வாங்க மாட்டார்கள். இன்னொன்று, பதினொன்றரைக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பன்னிரண்டரைக்கு மேல் எல்லாம் தீரத் தொடங்கும், இரண்டரை மூன்றுக்குப் பல கடைகள் அடுப்பை அணைத்துவிடும்.

அரை வயிற்றோடு ஒன்றரைக்கு வெளியே வந்தேன். சிவப்புப் பாலம் என்று எல்லாரும் படம் எடுக்கும் ஷின்க்யோவுக்கு எதிரில் ஏரி பஸ் நிறுத்தம். அங்கேதான் அடுத்த பாடம். பஸ்கள் ரயில் நிலையத்திலேயே நிரம்பிக்கொண்டு வருகின்றன. முதல் பஸ் நிற்காமலே போனது. இரண்டாவதில் நாலு பேரை ஏற்றினார்கள், நான் நாலாவது ஆள். நின்றுகொண்டுதான். ஏரிக்குப் போவதென்றால் எத்தனை நீள வரிசையாக இருந்தாலும் ரயில் நிலையத்திலிருந்தே ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும் வரை ஒன்றிரண்டு பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை. சாதாரண நாளில் நிலையத்திலிருந்து சூசென்ஜி ஏரிக்கு முக்கால் மணி நேரம்தான். அன்று எனக்குப் பாலத்திலிருந்தே 2 மணி 40 நிமிஷம் ஆனது.

காரணம் இரோஹாசகா என்ற மலைப்பாதை. ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு ஒரு சாலை, இரண்டுமே ஒருவழி. ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இறங்கும் சாலையில் 28. ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் முதலில் அங்கே இறங்குவதால் அக்டோபர் நடுவிலும் கடைசியிலும் ஏரிக்கரையில் இலை சிவக்கும், கீழே கோயில் பக்கம் நவம்பர் தொடக்கத்தில்தான். ஆக அக்டோபர் வார இறுதியில் டோக்கியோவைச் சுற்றியுள்ள கண்டோ சமவெளியின் கார்களெல்லாம் அந்த ஒரே சாலையில் ஏறுகின்றன. மேலே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம். இடம் நிரம்பினால் வரிசை மலையில் இறங்கி, அடிவாரம் தாண்டி ஊர்ப்பக்கம் வரை வரும். பஸ்ஸுக்கென்று தனித் தடம் கிடையாது, அதுவும் அதே வரிசையில்தான் நகரும்.

காட்சி அழகில்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சளும். முதல் ஒரு மணி நேரம் ரசித்தேன். பிறகு எனக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் கழிப்பறை இல்லை. இதைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீடியோக்காரர்கள் ஒருவரும் சொல்லாததும் இதுதான், அதனால் எழுதுகிறேன். காலையில் குடித்த தேநீர், கடையில் ஊற்றிக்கொண்டே இருந்த இலவசத் தேநீர், குளிர். இரண்டாவது மணி நேரம் முழுக்க எனக்கு மலையும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. உச்சிக்குச் சற்று முன்னால் அகெச்சிதைரா என்று ஒரு நிறுத்தம், அங்கே கழிப்பறை உண்டு. இறங்கினால் இந்த பஸ் போய்விடும், அடுத்ததில் ஏற்றுவார்களோ மாட்டார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சுற்றிலும் இருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. அந்த அமைதி எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. நம்மூர் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் நாலு பேர் டிரைவரிடம் பேசி வண்டியை ஓரம்கட்ட வைத்திருப்பார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார். போனில் மொழிபெயர்ப்பு வைத்து, இந்தச் சமயத்தில் நாங்களெல்லாம் காலை ஏழு மணிக்குள் மேலே போய்விடுவோம், இன்று பேத்தி தாமதமாக எழுந்ததால் இப்படி என்றார்.

ஆக, முதலில் மலைக்கு, பிறகு கோயிலுக்கு. இலைக் காலத்தில் அந்த வரிசைதான் சரி. டோக்கியோவிலிருந்து முதல் ரயிலில் கிளம்பினாலும் ஏழு மணிக்குள் மலைமேல் இருக்க முடியாது. அப்படியென்றால் முதல் நாள் இரவு நிக்கோ ஊரிலோ பக்கத்து நகரமான உட்சுனோமியாவிலோ தங்கிவிட்டு முதல் பஸ்ஸில் ஏற வேண்டும். தங்க முடியாதவர்கள் மலையை விட்டுவிட்டுக் கோயில் பகுதியை மட்டும் பாருங்கள். தோஷோகுவோடு ரின்னோஜி, ஃபுதரசான், தைய்யுயின் கோயில்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயில் தொகுதி அது. ஒரு பகல் நிறைந்துவிடும். இரண்டையும் ஒரே இலைக் காலச் சனிக்கிழமையில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

மேலே இறங்கும்போது நாலு நாற்பது. முதலில் ஓடியது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு கெகோன் அருவிக்கு நடந்தேன். நன்தாய் எரிமலையின் குழம்பு ஆற்றை அடைத்து ஏரியாக்கியது, அந்த ஏரி நீர் 97 மீட்டர் விழுவதுதான் கெகோன். மேலே இலவசமாகப் பார்க்க ஒரு மேடை, பாறைக்குள் 100 மீட்டர் லிஃப்டில் இறங்கிப் பார்க்க கீழே ஒரு மேடை. அந்த நேரத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. சத்தம் கேட்டது, அருவி தெரியவில்லை. டிக்கெட் ஜன்னலில் இருந்தவர், இப்போது கீழே போனாலும் ஒன்றும் தெரியாது என்று சைகையில் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நன்றி, காசு மிச்சம். நீங்கள் காலையிலேயே போனாலும் லிஃப்ட் டிக்கெட் எடுக்கும் முன் மேல் மேடையில் எட்டிப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் நான் நின்ற கால் மணி நேரத்தில் தண்ணீர் எந்த நிறம் என்றுகூடத் தெரியாத அளவு இருட்டிவிட்டது.

இறங்கும் பஸ்ஸுக்கு வரிசை. இன்னும் மேலே யுமோட்டோவிலிருந்து வருகிற பஸ்கள் நிரம்பி வந்தன. ஒன்றரை மணி நேரம் நின்றேன். காலையில் டோக்கியோவில் மெல்லிய சட்டை போதுமாக இருந்தது, இங்கே மூச்சு புகையாக வருகிறது. கீழே ஊருக்கும் ஏரிக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும், ராத்திரி அது இன்னும் உறைக்கும். காற்றைத் தடுக்கும் ஒரு மேலாடையும் காதை மூட ஏதாவதும் கட்டாயம் எடுத்துப் போங்கள். தானியங்கி இயந்திரத்தில் சிவப்புப் பட்டை போட்டிருந்தால் சூடான பானம். சோள சூப் டப்பாவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், சிலவற்றில் கோழிச்சாறு சேர்க்கிறார்கள். சூடான பச்சைத் தேநீரும் எலுமிச்சையும் பாதுகாப்பு. நான் ஒன்றைக் குடிக்காமல் கையில் மட்டும் வைத்துக்கொண்டேன், மறுபடி மலைப்பாதை இருக்கிறதே.

வரிசையில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள். ஊரில் அப்போது மதியம் இரண்டரை. "என்னட்டி, சாப்ட்டியா?" என்றாள். "சாப்ட்டேம்மா, இங்க எல்லாம் நமக்கு ஏத்த சாப்பாடுதான்" என்றேன். "குளிரா இருக்கா? தலைல துண்டு கட்டிக்க" என்றாள். போனை வைத்ததும் அழுகை வந்தது. பசியா, குளிரா, பொய் சொன்னதா, எதற்கென்று தெரியவில்லை. முன்னால் நின்ற இளம் ஜோடி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஏறும்போதே என் ஆறரை மணி ரயில் போயிருந்தது. புறப்பட்ட பிறகு அந்தச் சிறப்பு விரைவு டிக்கெட்டுக்கு மதிப்பு இல்லை. மாற்றுவதென்றால் ரயில் கிளம்பும் முன்பே மாற்ற வேண்டும். வரிசை நகராதது தெரிந்த ஐந்தரைக்கே நான் போனில் அதைச் செய்யப் பார்த்தேன், ஆனால் பிந்திய ரயில்களில் இடமே இல்லை. 1,600 யென் சொச்சம் போனது. இலைக் காலத்தில் திரும்பும் டிக்கெட்டை எடுப்பதானால் கடைசி ரயிலுக்கு எடுங்கள், சீக்கிரம் முடிந்தால் சாதாரண ரயிலில் வந்துகொள்ளலாம். இறங்கும் பாதையிலும் நெரிசல்தான். ஊருக்குள் நுழைந்ததும் பஸ் மறுபடி நின்றது. அப்போது பத்துப் பதினைந்து பேர் ஷின்க்யோ நிறுத்தத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து நிலையம் நேர்ச் சாலை, இறக்கம், அரை மணி நடை. நானும் பின்னாலேயே நடந்தேன். நாங்கள் ஏறிவந்த பஸ் எங்களுக்குப் பிறகுதான் நிலையத்துக்கு வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை.

கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது. நிக்கோ பகல் ஊர். ஐந்து மணிக்கு மேல் யூபா கடை, மாஞ்ஜூ இனிப்புக் கடை, தேநீர்க் கடை எல்லாமே ஷட்டர். திறந்திருந்த ஓரிரண்டு இடங்களில் இறைச்சி வறுபடும் வாசனை. தோபு நிலையத்திலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஜேஆர் என்கிற இன்னொரு ரயில் கம்பெனியின் நிக்கோ நிலையம் இருக்கிறது, பழைய மரக் கட்டடம், அழகானது. அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் உட்சுனோமியா, அங்கிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் டோக்கியோ. 5,000 யென்னுக்கு மேல் ஆனது. முன்பதிவில்லாத பெட்டி இருப்பதால் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் வழி இதுதான். ஜேஆர் கிழக்கின் டோக்கியோ வைடு பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதை தனிக் காசு இல்லாமலே கிடைக்கும், மூன்று நாள் அக்கம்பக்கம் சுற்றுவதாக இருந்தால் அதையே வாங்கிவிடலாம்.

உட்சுனோமியா கியோசாவுக்குப் பேர்போன ஊர். பன்றி இறைச்சி வைத்த கொழுக்கட்டையைக் கல்லில் மொறுமொறுவென்று சுடுகிறார்கள், நிலையம் முழுக்க அதே வாசம், எல்லாக் கடையிலும் கூட்டம், எல்லார் முகத்திலும் சந்தோஷம். அந்த ஊர்மேல் எனக்கு நியாயமே இல்லாத கோபம் வந்தது. நிலையத்துக்குள் இருந்த கடையில் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, வாழைப்பழம், ஒரு பாக்கெட் வறுத்த சோயா. ஊறுகாய்ப் பிளம் வைத்த உருண்டைகூட எப்போதும் நம்பக்கூடியதில்லை, சோற்றிலேயே கட்சுவோ சாறு சேர்த்திருப்பார்கள். போன் கேமராவை லேபிளுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். டோக்கியோவில் அறைக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, நான் சொன்னதைக் கேட்டு தோழி ஒருத்தி ஒரு வியாழக்கிழமை போனாள். மலைக்கு இலைப் பருவம் முடிந்திருந்தது, கோயில் பக்கம் உச்சத்தில் இருந்தது. பையில் புளியோதரை, கையில் அட்டை, பதினொன்றே காலுக்குச் சாப்பாடு. பச்சை யூபா அவளுக்கு இரண்டு தட்டு கிடைத்ததாம். மலைமேல் தங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏரிக்கரை விடுதிகளில் இரவுச் சாப்பாட்டோடுதான் பெரும்பாலும் அறை விற்பார்கள், சாப்பாட்டில் ஏரி மீன் கட்டாயம் இருக்கும். அறை பதிவு செய்யும்போதே தாஷி சமாச்சாரத்தை எழுதிக் கேட்டு, முடியும் என்று பதில் வந்த பிறகு காசு கட்டுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும், விலை மட்டும் அதேதான்.